மடிப்புக்குள் ஒரு கோடு

கனிமொழி பிளேடைத் தறியின் பாவு நூல் மேல் வைத்தபோது வாசலில் ஸ்கூட்டி ஹாரன் மறுபடியும் அலறியது.

"ஜல்தி கனி. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். தெள்ளார் இன்னா அடுத்த தெருவா?"

"கத்தாதடி. கை நடுங்குது."

நடுங்கத்தான் செய்யும். டைபாய்டு. விடிந்தும் விடியாமலும் நர்சிங் ஹோமில் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருந்தாள். இன்னும் ரெண்டு நாள் படுத்திருக்கணும் என்றார் டாக்டர். இன்னிக்கு என் தம்பிக்கு நிச்சயம் என்றாள் இவள். புறங்கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தறிப் பலகையில் உட்காரப் போனவள் நின்றாள். பலகை மேல் நாலாக மடித்த கோணி ஒன்று கிடந்தது. தன் தறியில் எவளோ சொகுசாகக் குந்திவிட்டுப் போன அடையாளம். எரிச்சல் வந்தது. அதை இழுத்து மூலையில் வீசிவிட்டு வெறும் பலகையில் உட்கார்ந்தாள்.

பிளேடு ஓடியது. பாவு நூல்கள் பட்பட்டென்று விட்டன. மரத்தில் சுற்றியிருந்த புடவை உருண்டு உருண்டு அவள் மடியில் இறங்கியது. ராமர் பச்சை உடல். அரக்குக் கரை. தம்பி சுதாகர் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு இன்று போட வேண்டிய நிச்சயப் புடவை.

ஜன்னல் பக்கம் பிடித்து மடிக்க ஆரம்பித்தாள். பாதி மடித்ததும் கை நின்றது.

வெளியே ஹாரன் ஓய்ந்து, பக்கத்து வீட்டு அமலாவே உள்ளே வந்துவிட்டாள். "இன்னாடி, புடவையப் பார்த்து பிரமை புடிச்சி நிக்கற?"

கனிமொழி விரலால் தொட்டுக் காட்டினாள்.

புடவையின் குறுக்கே ஒரு கோடு. கறை இல்லை. நூல் அறுந்ததும் இல்லை. கடையில் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தறிக்காரர் கண்ணுக்கு அது தழும்பு மாதிரி. நூலை அடித்து இறுக்குவதில் நெய்கிற ஒவ்வொரு கைக்கும் ஒரு அடி உண்டு. ஒருத்தி லேசாக அடிப்பாள், ஒருத்தி அழுத்தி அடிப்பாள். நடுவில் கை மாறினால் மாறின இடம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். இந்தப் பக்கம் வரை கனிமொழியின் கை. அதற்கு அப்புறம், இவள் படுத்திருந்தபோது அமலா பிடித்து வந்த வேறு ஒருத்தி.

"இப்படியா அடிப்பா? யார் மேல கோவத்த என் புடவைல காட்டினா அந்தப் பொம்பள?"

அமலா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "இருக்கும். கோவம் இருந்திருக்கும்."

"நல்ல கைன்னு சொன்ன."

"நல்ல கைதான். மடிச்சி வை, வண்டில பேசிக்கலாம்."

கனிமொழி கோடு உள்ளே போகிற மாதிரி மடித்தாள். மஞ்சள் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். வாசலில் அவள் கணவன் தருமன் தண்ணீர் பாட்டிலும் ஒரு சால்வையுமாக நின்றிருந்தான். நீயும் வாயேன் என்று கேட்டாள், கேட்டு வைப்போமே என்று.

"நான் வந்தா உங்கம்மா என்னைத்தான் பார்ப்பாங்க. புடவையப் பார்க்க மாட்டாங்க," என்றான் தருமன். சால்வையை அவள் தோளில் போட்டான். "மாத்திரைய மறக்காத."

ஸ்கூட்டி சீறிக் கிளம்பியது.

பட்டுக்கடைகள் ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தன. நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தது. அமலா சந்து பார்த்து நுழைந்து, டிரைவரிடம் ரெண்டு வார்த்தை வாங்கிக்கொண்டு, ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு சேத்துப்பட்டு ரோட்டைப் பிடித்தாள்.

பின்னால் கனிமொழி பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயம். அந்தக் கோட்டை உலகத்தில் யார் பார்த்தாலும் கவலை இல்லை. ஒரே ஒருத்தி பார்க்கக் கூடாது.

அம்மா ராஜம்மாள்.

ராஜம்மாளுக்கு வீடு சந்தவாசல் கிராமத்தில். கல்யாணத்துக்கு அப்புறமும் கனிமொழியும் தருமனும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். காரணம் தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற கோர்வைப் புடவையை ஒருத்தியால் நெய்ய முடியாது. ஒருத்தி நடுவில் உட்கார்ந்து நெய்ய வேண்டும், இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலோடு ஓடும் நாடாவை எறிய வேண்டும். அம்மா நடுவில், மகள் பக்கத்தில். ரெண்டு பேரும் பேசவே வேண்டாம். அம்மா மூச்சு விடுகிற விதத்தை வைத்தே மகள் நாடாவை எறிவாள்.

தருமனுக்கு வேலை போயிருந்த சமயம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே ராஜம்மாள் ஒரு வார்த்தை சொன்னாள், குந்தித் தின்கிற வாய்க்கும் சேர்த்துத்தான் நான் நெய்கிறேன் என்று. தருமன் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான்.

கனிமொழி நாடாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

பாதிப் புடவையில்.

தறிக்காரர் வீட்டில் எந்தச் சண்டையும் போடலாம். பாத்திரம் பறக்கலாம், மண்டை உடையலாம். பாதிப் புடவையில் மட்டும் எழக் கூடாது. அது சாப்பிடுகிற சோற்றில் மண் அள்ளிப் போடுகிற காரியம். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே பெட்டியோடு ஆரணிக்கு வந்தவள் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. ரெண்டு தீபாவளி போய்விட்டது. அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் புடவையைக் கை மாற்றித்தான் முடித்தார்களாம். குறுக்கே கோடு விழுந்து, முதலாளி தள்ளிவிட்டாராம்.

ஆரணியில் பக்கத்து வீட்டுக்காரியாக வாய்த்தவள் அமலா. சேத்துப்பட்டில் பிறந்தவள். வாடகை வீடு பார்த்துக் கொடுத்தது, தருமனை அரிசி மில்லில் சேர்த்துவிட்டது, தறி போட இடம் பேசினது எல்லாம் அவள்தான். கடைசியில் கனிமொழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா எறியவும் அவளே பழகிக்கொண்டாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே எறிவாள். ஆரம்பத்தில் கனிமொழிக்குப் பேஜாராக இருந்தது. இப்போது அமலா ஒரு நாள் வராவிட்டால் தறியே ஊமையாகிவிட்ட மாதிரி இருக்கும்.

நிச்சயப் புடவை கேட்டது சுதாகர். அக்கா நெய்த புடவையைத்தான் தாம்பாளத்தில் வைப்பேன், இல்லையென்றால் நிச்சயமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். அதற்கு ராஜம்மாள் சொன்ன பதிலையும் மறைக்காமல் அக்காவிடம் சொன்னான்.

"பாதில எழுந்து போறவளுக்கு முழுப் புடவை எங்க வரும்? முடிக்கட்டும், பார்க்கலாம்."

முடித்துக் காட்டுகிறேன் என்றுதான் உட்கார்ந்தாள் கனிமொழி. ஒரே கை, ஒரே அடி. அம்மா விளக்கு வைத்துத் தேடினாலும் குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது. சரியாகப் பாதிப் புடவையில் காய்ச்சல் வந்தது. தறியிலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்ததும் அவள் அமலாவிடம் சொன்னது ரெண்டு விஷயம். சந்தவாசலுக்குச் சொல்லாதே, சாக்கு சொல்கிறாள் என்பார்கள். புடவையை எப்படியாவது முடி.

வெளியூர்ப் பொம்பளை ஒருத்தியைப் பிடித்திருக்கிறேன், பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அமலா சொன்னாள். அவள் யார், எந்த ஊர் என்று கேட்க அப்போது கனிமொழிக்குத் தெம்பு இல்லை.

இப்போது இருந்தது.

"யாருடி அவ? பேர் சொல்லு."

"பேரக் கேட்டு இன்னா பண்ணப் போற? கேஸ் போடப் போறியா?"

"எங்கம்மா கை எப்படித் தெரியுமா? பூவத் தொடற மாதிரி அடிக்கும். அந்தக் கை இந்தக் கோட்டத் தடவிப் பார்க்கும். பார்த்துட்டு ஒரு சிரிப்பு சிரிக்கும். இதையும் நீ பாதில விட்டுட்டு எழுந்துட்டியான்னு. வாயத் திறந்து கேட்காது. அந்தச் சிரிப்பே போதும், நான் செத்தேன்."

சேத்துப்பட்டு மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. அமலா ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். வண்டி லேசாக ஆடியது.

"ரெண்டு கையாலயும் ஓட்டுடி. மாதா ஒண்ணும் நினைச்சிக்க மாட்டாங்க."

"நினைச்சிப்பாங்க. ஒரு சத்தியம் பண்ணி வச்சிருக்கேன், அதான்."

"இன்னா சத்தியம்?"

"சொன்னா அது சத்தியமா?"

வந்தவாசி வரும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கனிமொழிக்குத் தலை சுற்றியது. அமலா ஒரு டீக்கடையில் நிறுத்தி, பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்து, மாத்திரையை முழுங்குகிறவரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். டீக்கடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜவுளிக்கடை. கண்ணாடிக்குள் பட்டுப்புடவைகள் அடுக்கடுக்காக நின்றன. கனிமொழியின் பார்வை அங்கே போய் நின்றுவிட்டது.

"அமலா, ஒண்ணு பண்ணலாமா?"

"பண்ண வேணாம்."

"நான் இன்னும் சொல்லவே இல்ல."

"கடைல ஒரு புடவை வாங்கிகினு போலாம், இத வீட்டுக்குத் திருப்பி எடுத்துகினு போலாம். அதான? வேணாம்."

கனிமொழி எழுந்துவிட்டாள். கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குற்றமில்லாத ஒரு கடைப்புடவை, தாம்பாளம், தாம்பூலம், சாப்பாடு, திரும்பி வந்துவிடலாம். அம்மா சிரிக்க வழியே இல்லை. பையை எடுக்கக் குனிந்தாள்.

பை இல்லை.

அமலா ஸ்கூட்டி சீட்டைத் தூக்கிப் பையை உள்ளே திணித்து, அமுக்கிப் பூட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாவியக் குடுடி."

"தர மாட்டேன்."

"அமலா, விளையாடாத. நான் அங்க போயி அவமானப்படணுமா?"

அமலா சாதாரணமாகக் கண் கலங்குகிறவள் இல்லை. புருஷன் துபாய்க்குப் போன அன்றுகூட ஏர்போர்ட்டில் பஜ்ஜி சாப்பிட்டவள். அவள் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா உன் பக்கத்துல குந்திகினு நாடா எறியறேன். எத்தினி தடவ நீ எங்கம்மா இப்படி, எங்கம்மா அப்படின்னு சொல்லிகினே நெய்ஞ்சிருப்ப? நான் உன்னைக் கெடுப்பனா? அந்தப் புடவைதான் தாம்பாளத்துல ஏறணும். அந்தக் கோட்டோடதான் ஏறணும். என்னை நம்பு, ஏறு வண்டில."

கனிமொழியின் போன் அடித்தது. சுதாகர். வேன் தெள்ளாருக்கு வந்து சேர்ந்துவிட்டது, எல்லோரும் பந்தலில் உட்கார்ந்தாகிவிட்டது, நீ எங்கே இருக்கிறாய் என்றான். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

கனிமொழி போனைக் காதோடு அழுத்தினாள். "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"புடவை எங்கன்னு கேட்டாங்க க்கா."

போனை வைத்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் ஸ்கூட்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அமலா சாவியை எடுத்தாள்.

அதற்கப்புறம் அமலா ஓட்டியதை ஓட்டல் என்று சொல்ல முடியாது. திண்டிவனம் ரோட்டில் ரெண்டு பஸ்ஸையும் ஒரு டிராக்டரையும் கனிமொழி கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டினாள்.

தெள்ளாரில் பெண் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதாகர் ஓடி வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து, கையில் பிளாஸ்திரியைப் பார்த்து, ஏதோ கேட்க வாய் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பையை வாங்கிக்கொண்டது. தாய்மாமன் சின்னக்கண்ணு. எந்த விசேஷத்திலும் மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிறவர்.

"ஆரணிப் பட்டு வந்தாச்சுப்பா. எங்க பொண்ணு தன் கையால நெய்ஞ்சது. பிரிச்சிக் காட்றேன், சம்பந்தி வீட்டாரு பார்க்கட்டும்."

அவர் கை மஞ்சள் துணியை அவிழ்த்தது. முதல் மடிப்பு விரிந்தது. அடுத்தது விரிந்தது. பந்தலில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. தறிக்காரர் கண்ணுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் வேண்டாம். பெண் வீட்டுக் கூட்டத்திலும் தறிக்காரர்கள் இருந்தார்கள், கழுத்தை நீட்டிக்கொண்டு.

இன்னும் ஒரே மடிப்பு.

"குடு அத."

ராஜம்மாள்.

கூட்டம் விலகியது. ரெண்டு வருஷத்தில் அம்மா இளைத்திருந்தாள். காதோரம் வெளுத்திருந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். மகள் பக்கம் பார்வை திரும்பவே இல்லை. சின்னக்கண்ணு கையிலிருந்து புடவையை வாங்கினாள்.

தடவிப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. தேடவே இல்லை. அவள் விரல்கள் நேராக அந்த இடத்துக்குப் போயின. கோட்டின் மேல் ஒரு நொடி நின்றன. அந்த மடிப்பை உள்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு மடிப்புப் போட்டு, முந்தியைக் கொண்டுவந்து மூடினாள். கோடு போன இடம் தெரியவில்லை. ஒரு முழம் மல்லிகையை மேலே வைத்தாள். தாம்பாளத்தில் இறக்கினாள்.

"நேரமாச்சு, தாம்பூலம் மாத்துங்க," என்றாள் ஐயரிடம்.

தவில் ஒலித்தது. கனிமொழி பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். புடவை ஏறிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் மண்டைக்குள் ஒன்றே ஒன்று குடைந்தது. விரிக்காமலே, பார்க்காமலே, கோடு அங்கேதான் இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

பெண் நிலா புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கட்டிவிடுகிறேன் என்று உள்ளே புகுந்திருந்த அமலா கோட்டைக் கொசுவத்துக்குள் எங்கோ தொலைத்திருந்தாள். பச்சைப் பட்டு நிலாவின் மேல் நடந்து வந்தது. சுதாகர் அக்காவைத் தேடிப் பிடித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

சாப்பாட்டுப் பந்தியில் அமலாவும் கனிமொழியும் பக்கத்துப் பக்கத்தில். கனிமொழிக்கு இலையைப் பார்த்தாலே குமட்டியது. அமலா அவள் இலையிலிருந்த வடையையும் எடுத்துக்கொண்டாள்.

"எப்படிடி கண்டுபிடிச்சாங்க?"

"இன்னாத்த?"

"கோட்ட."

அமலா அப்பளத்தை நொறுக்கினாள். காது கேட்காத மாதிரி அதிலேயே கவனமாக இருந்தாள்.

எதிரில் ஒரு நிழல் விழுந்தது. கையில் ரச வாளியோடு ராஜம்மாள். வரிசையில் முன்னால் இருந்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். கேட்காமலே கனிமொழியின் சோற்றில் ரசத்தை ஊற்றினாள். ஒரு கரண்டி, அப்புறம் இன்னொன்று.

"ரசம் மட்டும் சாப்புடு. குழம்பத் தொடாத. காச்ச இப்பதான விட்டிருக்குது."

காய்ச்சல். சந்தவாசலுக்குச் சொல்லவே கூடாது என்று சொல்லியிருந்த காய்ச்சல். கனிமொழி திரும்பி அமலாவைப் பார்த்தாள். அமலா இலையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை.

"ம்மா," என்றாள் கனிமொழி. ரெண்டு வருஷமாக வாயில் வராத வார்த்தை, பாதியில் உடைந்தது.

ராஜம்மாள் வாளியை மறு கைக்கு மாற்றினாள். வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்க்காமல், அவள் இலையைப் பார்த்துச் சொன்னாள்:

"பலகை மேல உனக்குன்னு கோணி மடிச்சிப் போட்டுட்டு வந்திருக்கேன். எடுத்துடாத. உன் தறில பலகை ரொம்பத் தாழ்வு, வெறும் பலகைல நாலு நாள் குந்தினதுக்கே எனக்கு இடுப்பு போயிடுச்சு."